மஞ்சள் பையை அமுக்கச் சொல்பவருக்கு யார் காசு தருகிறார்?

கெலாங் பாத்தா – "நானே போட்டுப் பார்த்தேன்க்கா. ஏழே நாள்ல வித்தியாசம் தெரியும். கீழே இருக்கிற மஞ்சள் பையை அமுக்குங்க."

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டிக் டாக் நேரலையைத் திறக்கும் யாருக்கும் இந்த வசனம் புதிதல்ல. மலாயில் "பெக் கூனிங்" என்று அழைக்கப்படும் அந்த மஞ்சள் பை இப்போது தமிழ் நேரலைகளிலும் நிறைந்திருக்கிறது. முகக் கிரீம், எடை குறைக்கும் பானம், காற்றில் பொரிக்கும் அடுப்பு, பிள்ளைகளுக்கான கைக்கடிகாரம் என்று பட்டியல் நீள்கிறது. பேசுபவர் நம்மைப்போலவே பேசுகிறார். அக்கா, அண்ணா என்று அழைக்கிறார். அவர் சொல்வதை நம்புவதற்கு அதுவே பாதிக் காரணமாகி விடுகிறது.

கெலாங் பாத்தா போன்ற ஊர்களில் இணையத்தில் வாங்குவது ஆடம்பரத்துக்காக அல்ல. விடியுமுன் புறப்பட்டு இரண்டாம் பாலம் வழியாகத் துவாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்கும், தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் கடை திறந்திருக்கும் நேரத்தில் ஓய்வு கிடைப்பதில்லை. தோட்டத்தில் இருப்பவர்களுக்கோ கடை தூரம். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாதபோது, பார்த்தவர் சொல்வதை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

அப்படிச் சொல்பவருக்கு யார் காசு தருகிறார், எப்போது தருகிறார் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கமிஷன் எப்படி வேலை செய்கிறது?

இந்த ஏற்பாட்டுக்கு "அஃபிலியேட்" என்று பெயர். விற்பனைத் தளம் ஒருவருக்கு ஒரு தனி இணைப்பைக் கொடுக்கிறது. அந்த இணைப்புக்குள் அவருடைய அடையாளக் குறியீடு இருக்கும். அதை அமுக்கி நீங்கள் பொருள் வாங்கினால், இன்னார் அனுப்பிய வாடிக்கையாளர் என்று தளம் குறித்துக்கொண்டு, விற்ற விலையில் ஒரு பங்கை அவருக்குத் தருகிறது. பெரும்பாலும் வாங்குபவர் இதற்காகத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. விற்பவர் தம் வருமானத்திலிருந்து அதைக் கொடுக்கிறார். ஆனால் கமிஷனை மனத்தில் வைத்தே விலையை முடிவு செய்யும் விற்பனையாளர்களும் உண்டு.

இது டிக் டாக் கண்டுபிடித்த வழியல்ல. அமேசான் நிறுவனம் 1996-ஆம் ஆண்டிலேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அதன் திட்டத்தில், இணைப்பை அமுக்கியபின் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் நீங்கள் வேறு பொருள் வாங்கினாலும் இணைப்புக் கொடுத்தவருக்குக் கமிஷன் கிடைக்கும். நம் நாட்டில் ஷோப்பி, லாசாடா, டிக் டாக் ஷாப் ஆகிய மூன்றிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது புரிந்துகொள்வதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. 60 ரிங்கிட் விலையுள்ள முகக் கிரீமுக்கு 15 விழுக்காடு கமிஷன் என்றால், ஒன்று விற்றால் 9 ரிங்கிட். மருந்தகத்தில் கிடைக்கும் 20 ரிங்கிட் கிரீமுக்கு 5 விழுக்காடு என்றால், ஒன்று விற்றால் 1 ரிங்கிட். மாதம் 300 பேர் வாங்கினால், முதல் கிரீமைப் புகழ்ந்தவருக்கு 2,700 ரிங்கிட் வரும். இரண்டாவதைப் புகழ்ந்தவருக்கு 300 ரிங்கிட்தான் வரும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். இரண்டில் எது தோலுக்கு நல்லது என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. "இந்தப் பொருள் சரியில்லை, வாங்காதீர்கள்" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு யாரும் கமிஷன் தரமாட்டார்கள். "உங்களிடம் இருப்பதே போதும், புதிது வேண்டாம்" என்பதற்கும் காசு கிடையாது. பொருள் விற்றால்தான் பணம். அதனால் பொய் சொல்ல நினைக்காதவர்கூட, நாளடைவில் பாராட்டக்கூடிய பொருள்களைப் பற்றி மட்டுமே பேசத் தொடங்குகிறார். குறை தெரிந்தால் அந்தப் பொருளைப் பற்றி வாய் திறப்பதில்லை. பார்ப்பவருக்கு அந்த மௌனம் தெரியாது.

நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான்

மலேசியத் தமிழர்களுக்கு இந்த முறை முற்றிலும் அந்நியமானதல்ல. நம் முன்னோரில் பலர் இந்த நாட்டுக்கு வந்ததே இதைப் போன்ற ஒரு பரிந்துரையால்தான்.

ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், தோட்ட நிர்வாகங்கள் கங்காணிகளைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பின. கங்காணி தம் சொந்த ஊருக்குப் போய், தமக்குத் தெரிந்தவர்களிடமும் உறவினர்களிடமும் மலாயாவைப் பற்றிச் சொல்லி ஆள் திரட்டினார். கப்பல் நிறுவன விளம்பரத்தைவிட, ஊர்க்காரர் ஒருவர் நேரில் சொன்ன வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அழைத்து வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குக் கமிஷன் இருந்தது. வந்தவர்கள் வேலைக்கு இறங்கிய நாள்களுக்கு, தலைக்கு இவ்வளவு என்று இன்னொரு தொகையும் கிடைத்தது. தொழிலாளர்களை இப்படி அனுப்புவதற்கு 1938-இல் இந்திய அரசு தடை விதித்ததோடு இந்த ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது.

கங்காணிகள் எல்லாரும் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. பஞ்சத்திலிருந்து பல குடும்பங்கள் தப்பியதும் அவர்களால்தான். ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு, தம் தலைக்கு ஒரு விலை இருப்பது தெரிந்திருக்கும்? தெரிந்திருந்தால் கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, திரும்பி வர முடியுமா என்று இன்னும் நான்கு கேள்விகள் கேட்டிருப்பார்கள். ஒரு கிரீம் புட்டியையும் கடல் கடந்த வாழ்க்கையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாதுதான். என்றாலும், நம்மவர் என்ற நம்பிக்கையின் மேல் கமிஷன் வைப்பது இரண்டிலும் இருக்கிறது.

தோட்டத்துக் கடையில் நிலைமை வேறாக இருந்தது. 555 நோட்டில் கணக்கு எழுதிச் சாமான் கொடுத்த கடைக்காரரும் லாபத்துக்குத்தான் விற்றார். அந்த லாபம் எல்லாருக்கும் தெரிந்த லாபம். அரிசியில் வண்டு இருந்தால் மறுநாள் காலையில் அவர் முகத்துக்கு நேராகக் கேட்க முடியும். இணையத்தில் பரிந்துரைப்பவர் பொருளின் உரிமையாளரும் அல்லர், விற்பவரும் அல்லர். பொருள் கெட்டுப்போனால் "கடையிடம் கேளுங்கள்" என்று அவர் சொல்லிவிட முடியும்.

ஐந்து நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

நேரலையில் வருபவரை நம்பாதவர்கள்கூட, பொருளுக்குக் கீழே உள்ள நட்சத்திரங்களை நம்புகிறார்கள். அவற்றையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஷோப்பியில் படத்துடன் கருத்து எழுதினால் காசுக்குப் பதிலாக "காயின்" கிடைக்கிறது. அதற்காகப் பலர் பொட்டலத்தைப் பிரித்தவுடனேயே எழுதிவிடுகிறார்கள். "இன்னும் பயன்படுத்தவில்லை, ஆனால் டெலிவரி வேகம், பொட்டலம் நன்றாகக் கட்டியிருந்தது" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பதை யாரும் பார்க்கலாம். அது டெலிவரிக்காரருக்குக் கிடைத்த பாராட்டு. பொருள் மூன்று மாதம் உழைக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

போலி விமர்சனங்கள் உலகம் முழுவதும் உள்ள சிக்கல். காசு கொடுத்து எழுத வைப்பது, தம் ஊழியர்களையே வாடிக்கையாளர்போல் எழுதச் சொல்வது, குறை சொன்ன கருத்துகளை மறைப்பது ஆகியவை நடந்து வருகின்றன. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதியை 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. இந்தியா 2022-ஆம் ஆண்டு நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயத்தை வெளியிட்டது. விமர்சனங்களை எப்படித் திரட்ட வேண்டும், எப்படிச் சரிபார்க்க வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்பதை அது வகுக்கிறது.

நட்சத்திரங்களைப் படிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். பொருளை உண்மையாகவே பயன்படுத்தி, எது நல்லது எது கெட்டது என்று பிரித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

பணத்தோடு போகாத இழப்பு

50 ரிங்கிட் கொடுத்து வாங்கிய அடுப்பு கெட்டுப்போனால் 50 ரிங்கிட் நஷ்டம். தோலில் பூசுவதிலும் வாயில் போடுவதிலும் நஷ்டம் அதோடு நிற்காது.

கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதியைப் பாதித்துச் சிறுநீரில் புரதம் வெளியேறச் செய்யும் ஒரு வகை நோயோடு 22 பேர் அவர்களிடம் வந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தெரிவதற்கு முன் சிவப்பழகுக் கிரீம் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அத்தகைய கிரீம்களில் இருக்கும் பாதரசமே காரணம் என்று மருத்துவர்கள் கருதினர். கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

நம் நாட்டிலும் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு, பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின், பீட்டாமெத்தசோன் ஆகியவை கலந்திருப்பதாகக் கண்டறியப்பட்ட அழகுப் பொருள்களின் பதிவை அவ்வப்போது ரத்து செய்து அறிவிக்கிறது. இவற்றில் பாதரசத்துக்கு அழகுக் கிரீமில் இடமே இல்லை. மற்றவை மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள்.

"ஏழே நாளில் வித்தியாசம்" என்ற வசனத்தை இங்கே திரும்பவும் நினைத்துப் பார்க்க வேண்டும். இத்தகைய கிரீம்கள் வேலை செய்யாதவை அல்ல. வேகமாகவே வேலை செய்கின்றன. பூசியவர் முகம் வெளுக்கிறது. அவர் உண்மையாகவே மகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார். விமர்சனம் நேர்மையாக இருந்தும், கிரீம் ஆபத்தானதாக இருக்கலாம். கமிஷன் வாங்குபவருக்கும் அவரை நம்பி வாங்குபவருக்கும் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது. பெண் பார்க்கும் பேச்சில் இன்றும் நிறம் பேசப்படும் வீடுகளில், இந்தக் கிரீமைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் தகவலைத் தருவதைத் தடை செய்கிறது. இணையத்தில் நடக்கும் வாங்கல் விற்றலும் இதில் அடங்கும். 2022-ஆம் ஆண்டின் உள்ளடக்க நெறிமுறை, காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் செய்யும் சமூக ஊடகப் பிரபலங்கள் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

தமிழ்நாட்டு யூடியூப் அலைவரிசைகளை நம் வீடுகளிலும் பார்க்கிறோம். அவர்களுக்கும் விதி உண்டு. இந்தியப் பயனீட்டாளர் விவகாரத் துறை 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பணம், இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம் என எதைப் பெற்றிருந்தாலும் அதைப் பார்ப்பவருக்கு எளிதில் தெரியும் இடத்தில் சொல்ல வேண்டும். காணொளிக்குக் கீழே பத்து வரிகளுக்கு அப்பால் ஒளித்து வைக்கக் கூடாது.

மருந்து, பாரம்பரிய மருந்து, சத்து மாத்திரை ஆகியவற்றுக்கு நம் நாட்டில் இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதி பெற்ற விளம்பரத்தில் கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்கும் எண் இருக்கும். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று நேரலையில் ஒருவர் சத்தியம் செய்தால், முதலில் அந்த எண்ணைக் கேட்கலாம்.

கமிஷன் வாங்குவது குற்றமா?

இல்லை. வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய், வேலை இழந்த இளைஞர், கல்லூரி மாணவர் என்று நம் சமூகத்தில் பலருக்கு இது நேர்மையான பக்க வருமானம். கடை வாடகை இல்லை, முதல் இல்லை.

அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கன்சூமர் ரிப்போர்ட்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, பொருள்களைக் கடையில் தன் காசு கொடுத்து வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து மதிப்பெண் தருகிறது. அதுவே இப்போது தன் இணையத்தளத்தில் அஃபிலியேட் இணைப்புகளை வைத்திருக்கிறது. அதை வாசகர்களிடம் சொல்லியும் விடுகிறது. சோதனை ஓரிடத்தில் நடக்கிறது, கமிஷன் இன்னோரிடத்தில் வருகிறது, இரண்டும் வாசகருக்குத் தெரியும். இங்கே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969 முதல் பொருள்களின் தரத்தைக் கேள்வி கேட்டு வருகிறது. அதன் செய்திகள் தமிழிலும் வந்தன. விற்பவரிடம் காசு வாங்காமல் பயனீட்டாளர் பக்கம் நின்று பேசும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

ஆகவே கமிஷனுக்கு விற்பவர்கள் மூன்றைச் செய்தால் போதும். "இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று தொடக்கத்திலேயே சொல்லலாம். பயன்படுத்தாத பொருளைப் பயன்படுத்தியதாகச் சொல்லாமல் இருக்கலாம். பொருளின் ஒரு குறையையாவது சேர்த்துச் சொல்லலாம். இப்படிச் சொன்னால் சில பேர் வாங்காமல் போகக்கூடும். ஆனால் வாங்குபவர்கள் அடுத்த முறையும் வருவார்கள். சிறிய ஊரில் இது முக்கியம். நேரலையில் "அக்கா" என்று அழைக்கப்பட்டவர் நாளை கோயிலிலோ பிள்ளையின் பள்ளிக்கூட வாசலிலோ எதிரில் வருவார்.

அமுக்குவதற்கு முன்

அழகுப் பொருள் என்றால், பெட்டியில் என்.ஓ.டி. என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் தட்டிச் சரிபார்க்கலாம். எண் இருப்பதாலேயே பொருள் சோதிக்கப்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது நிறுவனம் தெரிவித்த தகவலின் பதிவு மட்டுமே. ரத்தான பொருள்களின் பட்டியலையும் பார்ப்பது நல்லது.

மருந்து, மூலிகை, சத்து மாத்திரை என்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்க வேண்டும்.

சுவரில் சொருகும் மின்சாரப் பொருள் என்றால் சிரிம் ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது கைப்பேசியில் படம் பிடியுங்கள். நேரலையில் சொன்ன வாக்குறுதியையும், விற்பனைப் பக்கத்தையும் திரைப்படமாக எடுத்து வையுங்கள். நேரலை மறுநாள் இருக்காது.

பொருளைப் பார்க்காமல் "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானை அமுக்காதீர்கள். ஷோப்பியில் நீங்கள் அதை அமுக்கும்வரை அல்லது குறிப்பிட்ட நாள் முடியும்வரை பணம் விற்பவருக்குப் போவதில்லை. செயலிக்கு வெளியே, புலனம் வழியாகவோ வங்கிக் கணக்குக்கோ பணம் அனுப்பச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஏமாற்றப்பட்டால், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெற மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை அணுகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு உள்நாட்டில் இருக்க வேண்டியது நடைமுறையில் முக்கியம். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் விற்பனையாளரைப் பிடிப்பது கடினம். அதனால் கடை எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எதற்கும் நேரம் இல்லாவிட்டால், ஒரே ஒரு கேள்வியாவது கேட்கலாம்: "நான் இதை வாங்காவிட்டால் இவருக்கு ஏதாவது நஷ்டமா?" ஆம் என்றால், அவர் சொல்வதை விமர்சனமாகக் கேட்காமல் விற்பனைப் பேச்சாகக் கேளுங்கள். விற்பனைப் பேச்சைக் கேட்பதில் தவறில்லை. நம் பாட்டிமார் சந்தையில் அதைக் கேட்டுக்கொண்டேதான் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினார்கள்.